முத்திரை குத்தாத பன்னிரண்டாம் படம்

பிலோமினாவின் படத்தை எடுத்தது வெள்ளைக்காரக் கப்பல்காரன் அல்ல. நான் எடுத்தேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்புவழிபுரத்தில் செத்தவீட்டில் எனக்குப் பின்னால் கதிரைகளில் இருந்த இரண்டு பெண்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கப்பல்காரன் எடுத்த படத்தாலதான் மனுசி கடைசிவரைக்கும் தனிய இருந்தவ" என்றாள் ஒருத்தி. "குளிக்கிற உடுப்போடயாமே?" என்றாள் மற்றவள். கெட்ட எண்ணத்தோடு சொன்னவர்கள் அல்ல. இருபத்தாறு வருடமாக இந்த ஊர் சொல்வதைத்தான் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருக்க வேண்டும்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பிலோமினாவின் அண்ணன் மகள் ஜெசிந்தா. காலை எட்டு மணியிருக்கும். சைக்கிளை என் வேலியில் சாய்த்துவிட்டு, படலைக்கு வெளியிலேயே நின்று, "அன்ரி, மாமி விடியக் கண் மூடிட்டா" என்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அப்பாவும் கேட்கச் சொன்னவர். உங்கட தமிழ் நல்லது எண்டு மாமி எப்பவும் சொல்லுவா." அட்டைக்கு எந்தப் படம் என்று கேட்டேன். "அடையாள அட்டைக்கு எடுத்ததுதான், அன்ரி. வேற படம் இல்லையே."

அடையாள அட்டைப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது பிலோமினா அல்ல. கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கும் யாரோ ஒரு பெண்.

எங்கள் ஸ்டூடியோ உட்துறைமுக வீதியில் இருந்தது. கமரா என் கணவருடையது. பென்சில் என்னுடையது. கன்னியர் மடத்தில் சித்திரம் படித்தவள் என்பதால் நெகட்டிவ் திருத்துவது என் வேலையாயிற்று. பருவை எடுப்பேன், ஒன்றரைக் கண்ணை நேராக்குவேன், கேட்டவர்களுக்குக் கொஞ்சம் வெள்ளையும் கூட்டிக் கொடுப்பேன். பிலோமினா முதன்முதலில் வந்தது துறைமுக அலுவலக நுழைவுச் சீட்டுக்குப் படம் எடுக்க. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. தட்டச்சு வேலை கிடைத்து ஒரு மாதம். போகும்போது என் மேசையில் கிடந்த பென்சில்களைப் பார்த்துவிட்டு, "அன்ரி, என்ர மூக்கில கை வைச்சிடாதேங்கோ. அது என்ர அப்பாவின்ர. அவர் விட்டிட்டுப் போனதில அது ஒண்டுதான் மிச்சம்" என்றாள். பதினெட்டு வருடத்தில் மூக்கைத் திருத்த வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கு மாடலாக வேண்டும். இந்தச் சொல்லை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்; எங்களிடம் மட்டும் சொன்னாள். கொழும்பில் ஒரு துணிக் கொம்பனி தன் கலண்டருக்குப் பெண்களைத் தெரிவு செய்வதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. மூன்று படங்கள் கேட்டார்கள்: முகம் மட்டும் ஒன்று, சேலையில் ஒன்று, வெளியில் இயற்கை வெளிச்சத்தில் நீச்சல் உடையில் ஒன்று. முதல் இரண்டையும் என் கணவர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதைக் கேட்டதும் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"பிள்ளை, கோயில்ல முதல் நன்மை வாங்கிற பிள்ளைகளை எடுக்கிற கமரா இது."

"கமராவுக்கு என்ன தெரியும், அங்கிள்?"

"கமராவுக்குத் தெரியாது. சுவாமியாருக்குத் தெரியும்."

அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். படிவரை கூடப் போய், "அடுத்த கிழமை இவர் மூதூருக்கு ஒரு கலியாணத்துக்குப் போறார். அண்டைக்கு வா" என்று சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் எழுத வேண்டாம். பதினெட்டு வருடம் இன்னொருவர் எடுத்த படங்களில் பென்சில் பிடித்துக்கொண்டிருந்தேன். நானே எடுத்தது என்று சொல்ல ஒரு படமும் இருக்கவில்லை. எனக்கும் வெளியே போக வேண்டியிருந்தது.

நாள் தற்செயலாக நன்றாக அமைந்தது. சல்லி அம்மன் கோவிலில் திருவிழா. கரைவலைக்காரர்கள் எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். உப்புவெளிக் கரையில் வள்ளங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இவர் மூதூருக்குக் கொண்டுபோகாமல் விட்டிருந்த, பன்னிரண்டு படச் சுருள் போடும் சின்னக் கமராவை நான் எடுத்துப் போயிருந்தேன். நீச்சல் உடை, தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி அவளுக்குக் கொடுத்தது. கடுநீலம். தோள்பட்டியை அவளே சின்னதாக்கித் தைத்திருந்தாள். தையல் கோணலாக இருந்தது. அதைப் பிரித்துத் திரும்பத் தைக்காமல் படம் எடுக்க மாட்டேன் என்றேன். வள்ளத்தின் நிழலில் சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "கன்னியாஸ்திரி ஆகியிருக்க வேண்டிய ஆள் நீங்கள்" என்று முணுமுணுத்தபடியே தைத்தாள்.

முதல் பதினொரு படங்களும் பிழை. நுழைவுச் சீட்டுக்கு நிற்பதைப் போலவே நின்றாள். இதற்கிடையில், தலையில் கருவாட்டுப் பெட்டியோடு ஒரு கிழவி அந்தப் பக்கம் வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, சீலை காணாமப் போச்சோ?"

"ஓம் ஆச்சி, மிச்சத்தைக் கடல் மூடும் எண்டு வந்தனான்."

கிழவி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம். குனிந்து கமராக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்ரி" என்று கூப்பிட்டாள். "ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் மூச்சைப் பிடிக்கிறியள். முதல்ல நீங்கள் மூச்சு விடுங்கோ." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பொத்தானை அழுத்தினேன்.

முழங்காலளவு தண்ணீரில், ஒரு கை வள்ளத்தின் விளிம்பில், காற்றில் தலைமயிர் ஒரு பக்கமாக. எதையும் திருத்தவில்லை. பென்சிலைத் தொடவே இல்லை.

எங்கள் ஸ்டூடியோவிலிருந்து வெளியே போகும் எந்தப் படத்தின் பின்புறத்திலும் ஊதா நிறத்தில் முத்திரை இருக்கும். குத்தாமல் ஒரு படமும் கொடுத்ததில்லை. அது என் கணவரின் கண்டிப்பு, என் கண்டிப்பும்தான். அந்தப் படத்தைக் கழுவிக் காயவைத்து, முத்திரையை மையில் ஒற்றிக் கையில் எடுத்தேன். பிறகு குத்தாமலே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கொழும்பில் பார்த்தார்கள். அலுவலக முகவரிக்குக் கடிதம் வந்தது. மூன்றாவது படம் மிகவும் பிடித்திருக்கிறது. அதை எடுத்தவர் பெயரையும், அச்சிடச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் இரண்டு கிழமைக்குள் அனுப்பவும். பிலோமினா அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் மறைத்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"ஒரு வரி காணும், அன்ரி. 'நான்தான் எடுத்தனான்' எண்டு ஒரு வரி."

"நாளைக்குத் தாறன், பிள்ளை."

மூன்று தடவை நாளைக்கு என்றேன். நான்காம் தடவை, "ஏலாது. இவருக்குத் தெரிஞ்சால் என்ன ஆகும்? கோயில்ல படம் எடுக்கிற வேலை எல்லாம் போயிடும்" என்றேன். அவள் கடிதத்தை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாள். கோபிக்கவில்லை. "அப்ப சரி, நான் தட்டச்சு அடிக்கப் போறன்" என்றாள்.

கையெழுத்து வராததால் படங்களைத் திருப்பி அனுப்பிய கொம்பனிக்காரர்கள் விண்ணப்பத்திலிருந்த வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். உறையைப் பிரித்தவர் அவளுடைய அண்ணன் மரியதாஸ். மற்ற இரண்டிலும் எங்கள் முத்திரை இருந்தது; மூன்றாவதைப் புரட்டினார், வெறுமையாக இருந்தது. துறைமுகம் நிறைய வெள்ளைக்காரர்கள் இருந்த காலம்.

"எந்தக் கப்பல்காரனடி?" என்று கேட்டார். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. மூன்று படங்களையும் குசினி அடுப்பில் போட்டார். தாய் கிணற்றடியில் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அந்தப் படத்தைக் கண்ணால் கண்டவர்கள் நான்கு பேர்தான். காணாதவர்கள்தான் இன்றுவரை அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். என் கணவர் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பார்த்தீரா, நல்ல காலம், நாங்கள் எடுக்கேல்லை" என்றார். நான் அவருக்குக் குழம்பு விட்டேன்.

அதன் பிறகு பதினொரு வருடம் மரியதாஸ் அவளைச் சைக்கிளில் ஏற்றி அலுவலகத்தில் இறக்கினார். ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைவிட்டுப் போனார்கள், அதிகாரிகள் மாறினார்கள். அவளுடைய மேசை மாறவில்லை. காலையும் மாலையும் எங்கள் ஸ்டூடியோவைத் தாண்டித்தான் போக வேண்டும். பின் கரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பாள். கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், முன்னால் யாரோ ஒருவரின் கலியாண நெகட்டிவ். என்னைக் கண்டதற்கு அடையாளமாக, அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவாள். ஒருநாளும் தவறியதில்லை. சில நாட்கள் நான் குனிந்துகொள்வேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் காலமானபோது அவள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அன்றுதான் கேட்டேன். என்னைக் காப்பாற்றினாள் என்று அதுவரையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னால் அது காட்டிக்குடுக்கிறது, அன்ரி. நீங்கள் சொன்னால் அது கையெழுத்து. நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

"சொல்லுறன், பிள்ளை."

"நாளைக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. அதற்குப் பிறகும் ஆறு வருடம் போய்விட்டது. தடுக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை. விதவையாக எனக்குக் கிடைத்த மரியாதை இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

அவளுடையதென்று என்னிடம் இருப்பவை இவை: ஒரு நெகட்டிவ், அந்தக் கிழவிக்கு அவள் சொன்ன பதில், முதலில் மூச்சு விடச் சொன்ன குரல். முதலாவதை இனியும் மறைத்து வைத்திருக்க எனக்கு உரிமையில்லை என்பதால் போன கிழமை, நான்கு வருடம் பூட்டிக்கிடந்த இருட்டறையைத் திறந்து ஒரு பிரதி கழுவினேன். முத்திரையின் மை காய்ந்திருந்தது; புது மை வாங்கினேன். பின்புறத்தில் முத்திரை குத்தி, அதன் கீழே என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையோடு அதையும் ஜெசிந்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மரியதாஸ் அவர்களே, நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் தங்கை பிழை ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் படத்தைப் புரட்டிப் பார்த்தபோது அங்கே என் பெயர் இருந்திருக்க வேண்டும். மலரின் அட்டையில் இந்தப் படத்தைப் போடுங்கள். கீழே எடுத்தவர் பெயரைப் போடுங்கள். கட்டுரையில் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம். செய்வீர்களா மாட்டீர்களா என்பதை ஜெசிந்தாவிடம் வாயால் சொல்லி அனுப்பாமல், ஒரு வரியானாலும் உங்கள் கையால் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

ரெஜினா அந்தோனிப்பிள்ளை