எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடித்தபிறகு எங்கே போவது?

போன கிழமை கமலம் எனக்கு ஒரு பொய் சொன்னாள்.

"மணியக்கா, நான் பொன்னுருக்குக்கு வரேல்லை. முழங்கால் சரியான நோ" என்றாள் ரெலிபோனில். "ஓமோ, சரி" என்று நானும் வைத்துவிட்டேன். வைத்தபிறகுதான் யோசித்தேன். முந்தின நாள்தானே கடையில் பெரிய அரிசிப் பையை ஒருத்தரையும் தொடவிடாமல் தூக்கி வண்டிலில் வைத்தாள்? அந்த நோ எந்த வழியால் வந்தது?

உங்களுக்குக் கமலத்தைத் தெரியாது. மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் மாடியில் இருக்கிறாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் காலமாகிவிட்டார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் இருக்கிற அவள் தம்பி சிவத்தின் மகனுக்கு இப்போது கல்யாணம். அதற்கு முன்னம் மாப்பிள்ளை வீட்டில் நல்லநேரம் பார்த்து, தாலிக்குப் பொன் உருக்குவார்கள். அந்தச் சடங்குக்குக் குத்துவிளக்கை அக்காதான் கொளுத்த வேண்டும் என்று சிவம் ஒற்றைக்காலில் நின்றான்.

புருஷன் இல்லாதவள் கொளுத்தலாமா என்று சொந்தத்துக்குள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "என்னை வளர்த்தது அவ. அவ கொளுத்தாட்டி விளக்கே வேண்டாம்" என்று சொல்லிவிட்டானாம்.

ஒருவன் சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்த இடம். அங்கே கமலம் போகாவிட்டால் என்ன ஆகும்? "பாத்தியளே, அவவே விலகீட்டா" என்று அந்த இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேலே ஏறிப் போனேன்.

மேசையில் ஒரு பெரிய போத்தல். உடம்பு முழுக்கக் கோடு. அதில் இருந்த எழுத்து எனக்கு விளங்கவில்லை, இலக்கம் விளங்கியது. ஒன்பது மணிக்கு இதுவரை, பதினொரு மணிக்கு இதுவரை... ஏதோ கடுமையான மருந்தாக்கும் என்று பயந்துபோனேன். பச்சைத் தண்ணீராம். மகள் வாங்கிக் கொடுத்ததாம். நான் இருக்கும்போதே அந்த மகள் வேலையிடத்தில் இருந்து ரெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, பதினொரு மணிக் கோடு வந்திட்டுதோ?"

"ஓம் பிள்ளை, அது எப்பவோ தாண்டீட்டுது."

போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"ஏனடி, ஒரு கிழமைக்கு எத்தினை பொய் சொல்லுவாய்?" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"போன மாசம் கோயிலுக்குப் போகேக்கை பஸ்ஸில வந்திட்டுது அக்கா. இடையில இறங்கி ஓடினன். மூலையில இருந்த டெப்பனர்க் கடையில ரொய்லெட் கேட்டன், இல்லை எண்டிட்டான். பக்கத்துக் கடையில, வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டுமாம். பேந்து..."

பிறகு என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகாமல் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தாளாம். அன்றையில் இருந்து எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடையைத் தவிர ஓரிடமும் போவதில்லையாம்.

"தம்பி காரில ஏத்துறன் எண்டவன். பாலத்தில கார் நிண்டுட்டா என்ன செய்யிறது? பிறசருக்குத் தந்த குளிசையும் தண்ணியை இறக்கிற குளிசை. இதை அவனிட்டைச் சொல்லேலுமே? முழங்கால் எண்டு சொல்லீட்டன்."

வாசகர்களே, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடி என்று உங்களுக்குச் சொல்லாதவர் யார்? டொக்டர் சொல்கிறார். பிள்ளைகள் சொல்கிறார்கள். ரெலிபோனைத் திறந்தால் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் விரல் நீட்டிச் சொல்கிறார். சரி ஐயா, குடிக்கிறோம். குடித்தபிறகு எங்கே போவது? அதை ஒருவராவது சொல்கிறாரா?

இந்த மொன்றியலில் மெட்ரோவில் படம் வரைந்திருக்கிறது. பாட்டுக்காரர் நின்று வயலின் வாசிக்கிறார். நல்ல விஷயம். ஆனால் எத்தனை ஸ்டேசன் ஏறி இறங்கினாலும் ஒரு கதவைக் காணோமே! ஆம்பிளைகளுக்குக் கவலை இல்லை — உலகம் முழுக்க மரம் நிற்கிறது. எங்கள் வயதுப் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். கல்யாண வீடு என்றால் விடிந்ததில் இருந்து தொண்டையை நனைப்பதில்லை. ஒருவருக்கொருவர் சொல்வதும் இல்லை. கேட்டால் "விரதம்" என்பார்கள்.

தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலுக்குள் குடிக்காமல் நின்று தலைசுற்றி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற நாளில் கோடு தாண்டிக் குடியுங்கள். வெளிக்கிடுகிற நாளில் வழியைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எல்லா நாளும் ஒரே நாளா? போத்தலில் கோடு போட்டவனுக்குக் கமலம் பஸ்ஸில் போவாள் என்று தெரியுமா?

அன்றைக்கே மருந்துக்கடைப் பிள்ளையிடம் கமலத்தைக் கதைக்க வைத்தேன். அந்த ஒரு நாள் மட்டும் குளிசையைத் திரும்பி வந்தபிறகு போடலாமோ என்று கமலம் கேட்டாள். அவர் அவளுடைய டொக்டரையும் விசாரித்துவிட்டு, "ஓம் அன்ரி, போடலாம்" என்றார். (இது கமலத்துக்குச் சொன்னது. நீங்கள் என் பேச்சைக் கேட்டு மாற்றாமல், உங்கள் மருந்துக்கடையில் கேளுங்கள்.)

பிறகும் கமலத்துக்குப் பயம். "நானும் வாறன்" என்றேன். "ரெயினில போவம். பாலத்தில நிக்காது. வந்தா இறங்குவம். எனக்கு உந்தப் பிரச்சினை ஒண்டுமில்லை. காலமை போனா நான் மத்தியானம் வரைக்கும் தாங்குவன்."

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு வெளிக்கிட்டோம். ரொக்ஸ்பரோவில் ஏறினால் புரோசார்ட் வரை ஒரே ரெயின். குளிர் இன்னும் விட்டபாடில்லை. பாதி வழியில் கமலத்தின் முகம் மாறியது. நகரத்து நடுவில் இறங்கினோம். எதிரே ஒரு கோப்பிக் கடை. உள்ளே போனால் ரொய்லெட் கதவில் பூட்டு. பூட்டில் இலக்கம் அமத்த வேண்டும். அந்த இலக்கம் பில்லில்தான் இருக்கும். "பொன்ஜூர்" என்று வாய் நிறையச் சிரித்த கவுண்டர்ப் பிள்ளை, சாமான் வாங்குகிற ஆட்களுக்குத்தான் பில் என்றது.

ஒரு கோப்பி வாங்கினேன். சின்னதுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை சின்னது என்று தந்தது எங்கள் வீட்டுச் செம்பளவு.

கமலம் பில்லோடு போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளியிடத்தில் அவள் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன். எல்லாம் சரி — கையில் இருக்கிற கோப்பியை என்ன செய்வது?

"வைச்சிட்டு வாங்கோ மணியக்கா."

"காசு குடுத்து வாங்கின சாமானை வைச்சிட்டு வாறதே?"

நின்ற நிலையில் குடித்து முடித்தேன். உங்களில் எத்தனை பேர் அப்படியே வைத்துவிட்டு வந்திருப்பீர்கள்? கையை உயர்த்துங்கள், பார்ப்போம்.

அடுத்த ரெயின் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு. பனிக்கட்டி உருகி, இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என்ன மணியக்கா, நித்திரையோ?"

"ஓம்."

"நித்திரை கொள்ளுற ஆள் ஏன் காலை ஆட்டுறியள்?"

காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கினேன்.

"உங்களுக்குத்தானே உந்தப் பிரச்சினை இல்லை" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

புரோசார்ட் ஸ்டேசனில் சிவம் காரோடு நின்றான். அக்காவின் கையைப் பிடித்து, "முழங்கால் எப்பிடியக்கா?" என்று கேட்டான். அவள் விரும்பியிருந்தால் அந்தப் பொய்யையே இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருக்கலாம்.

"முழங்காலுக்கு ஒண்டுமில்லை தம்பி. வழியில ஒண்டுக்கு வந்திடும் எண்டு பயந்துதான் வரமாட்டன் எண்டனான். இப்ப மணியக்காவுக்கு வந்திட்டுது. கதையாமல் காரை எடு."

சிவம் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். "எனக்குச் சீனி வருத்தம், அடிக்கடி ஒண்டுக்கு வரும். உந்தப் பாலத்தில நான் படுற பாடு எனக்கெல்லோ தெரியும்."

பாருங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பயம். ஒருவருக்கொருவர் மறைத்து, கடைசியில் ஒரு விளக்கையே அணைக்கப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் போனபோது பொன் உருக்கும் பத்தர் நெருப்பை ஆயத்தம் செய்துவிட்டுக் காத்திருந்தார். நல்லநேரம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முணுமுணுத்த இரண்டு பேரும் சோபாவில் இருந்து எங்களையே பார்த்தார்கள். கமலம் ஒருத்தரையும் பார்க்காமல் நேராக விளக்கடிக்கு நடந்தாள். நானும் ஒருத்தரையும் பார்க்காமல் நேராக நடந்தேன் — மற்றப் பக்கம்.

ரொய்லெட் கதவைச் சாத்தியபிறகு வெளியே கமலத்தின் குரல் கேட்டது. "நெருப்புப் பெட்டி எங்கை?" நடுக்கம் இல்லாத குரல். "இந்தாங்கோ அக்கா" என்றான் சிவம். பிறகு வீடு முழுக்க ஒரு அமைதி. குச்சி உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பிறகு தேங்காய் உடைந்தது.

கமலம் விளக்குக் கொளுத்தியதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போன நான், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து காதால் கேட்டேன்.