ரிவர்ஸ்டன் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் பேசுகிறார்

கொழும்பில் கடலோரமாக ஓடும் பஸ்ஸில் போய்வந்ததைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், முகத்தில் உப்புக் காற்று. நிறையப் பேர் நன்றாக இருந்ததாகச் சொன்னீர்கள். ஒரு வாசகர் மட்டும் இப்படி எழுதினார்: "கடல் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா உங்க மாத்தளையில இருந்து ரிவர்ஸ்டன் பக்கம் போற ஒரு நீலக் கலர் பஸ் இருக்கு. முன்னால மாரியம்மன் படம், சுத்தி மஞ்சள் பாசிமணி. அந்த டிரைவர் பேச்சைக் கேக்கவே டிக்கெட் எடுக்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வச்சிருக்கார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு."

அந்தப் பாசிமணியைக் கோத்தது நான். அந்த டிரைவர் என் வீட்டுக்காரர்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகிறது. வீட்டில் அவர் பேசுவதை ஒரு கையில் எண்ணிவிடலாம். "சோறு." "தண்ணி." "கரண்ட் போயிருச்சா?" அவ்வளவுதான். அவரிடம் ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. அந்தக் கருத்தை வாசித்த அன்று ராத்திரி சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"உங்க ரோட்டுல பாக்க என்னங்க இருக்கு?"

"என்ன இருக்கு. வளைவு இருக்கு," என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

நீங்களும் போக நினைத்தால் வழி சொல்கிறேன். மாத்தளையில் இருந்து ரத்தோட்டைக்கு அடிக்கடி பஸ் உண்டு, கூட்டம் இல்லையென்றால் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கு மேலே போகிற பஸ்கள் குறைவு. இலுக்கும்புர வரை போகிற பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அது ரிவர்ஸ்டன் உச்சியைத் தாண்டித்தான் போகும். ரத்தோட்டையில் இருந்து உச்சிக்கு இருபது கிலோமீட்டர் போல இருக்கும். ஆனால் மலைரோடு என்பதால் ஒரு மணி நேரமாவது ஆகும். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மாத்தளை ஸ்டாண்டில் ஏறினால் அவர் கண்ணில் பட்டுவிடுவேன். அதனால் வேறு பஸ்ஸில் ரத்தோட்டை வரை போய், கடையோரம் நின்றேன். நீல பஸ் மத்தியானம் போல வந்தது. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு பின்கதவால் ஏறினேன். கொண்டக்டர் வேலைக்குப் புதிது, என்னைத் தெரியாது.

ஒருவர் இறங்கிய சீட் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் மிளகு வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் நானா இருந்தார். பேர் நளீம். மேலே ஏலக்காய் பார்க்கப் போகிறாராம். ஏறி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொழும்பு ஆக்கள் எல்லாம் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க! பம்பரகிரி எல்ல, நீர்வீழ்ச்சி! தொங்கு பாலத்துல போட்டோ எடுக்கிறவங்க இன்னொரு நாள் வாங்க. இன்னைக்கு நான் நிப்பாட்டினா பின்னால வர்ற லொறிக்காரன் என் மாமியாரைவிட மோசமா ஏசுவான்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. உடனே அதையே சிங்களத்திலும் சொன்னார். இன்னொரு சிரிப்பு. எனக்கு முகம் சூடாகிவிட்டது. (மாமியார் என்றால் என் அம்மா. அம்மா அவரை ஒரு வார்த்தை ஏசியதில்லை.)

"நல்ல மனுசன்," என்றார் நளீம் நானா. "இவரு பஸ்ஸுன்னா நான் காத்திருந்து வருவேன் தங்கச்சி. வீட்டுல எப்படிக் கலகலன்னு இருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

யோசித்துப் பார்த்தேன்.

ரோடு அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கராம்பு, மிளகுக்கொடி ஏறிய மரங்கள், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே பைன் மரங்கள். ஜன்னல் வழியாக வரும் காற்று வளைவுக்கு வளைவு குளிர்ந்துகொண்டே போகும். ஆனால் நான் பார்த்தது பாதிதான். மீதி நேரம் அவருடைய பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தோட்ட லயத்தில் யார் பிள்ளைக்குப் பரீட்சை, எந்தக் கடையில் ரொட்டி நல்லது, எந்தத் திருப்பத்தில் மரைமான் வந்து நின்றது, எல்லாம் அவருக்குத் தெரிகிறது. ரோட்டோரத்தில் ஒரு அம்மா ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, "போன தடவை இனிப்புக் காணாது, சப்புன்னு இருந்துச்சு," என்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி இனிப்பென்றோ உப்பென்றோ ஒரு நாள் சொல்லியிருப்பாரா?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். டிரைவருக்கு நேர்பின்னால் இருக்கிற சீட்டில் ஒரு பெண் இருந்தாள். ரத்தோட்டையில் என்னோடுதான் ஏறினாள். அத்தனை பேர் நிற்க, அந்த சீட் மட்டும் அவளுக்காகக் காலியாக இருந்தது. நாற்பது வயதிருக்கும், நீலச் சட்டை, மடியில் துணிமூட்டை. பெரிய வளைவுகள் தொடங்கியதும் அவர் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டு, அவளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினார். அவள் முன்னால் குனிந்து கேட்டாள். ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அது யாரு நானா?"

"மல்காந்தி. ரத்தோட்டையில தையல் கடை வச்சிருக்காங்க. சனிக்கிழமை அரைநாள், வீட்டுக்குப் போறாங்க. அந்த சீட்டு எப்பவும் அவங்களுக்குத்தான்."

எப்பவும்! அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வெளியே மலை இருந்ததா, மடு இருந்ததா, எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள், பயணக் கட்டுரை எழுதுகிறவள் சொல்லக்கூடாத விஷயம் இது.

ரிவர்ஸ்டன் உச்சியில் கொழும்புக்காரர்களோடு பின்கதவால் இறங்கினேன். பஸ் மூடுபனிக்குள் போய் மறைந்தது. உச்சியில் இருக்கிற ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகிற பாதையில் நடந்தேன். அங்கே காற்று ஆளைத் தள்ளும். சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பனி விலகினால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்கிறார்கள். விலகவில்லை. இரண்டரை மணி நேரம் குளிரில் நின்று, அவரிடம் என்ன கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் திரும்பி வந்தது. பின்கதவுக்குப் போனேன். முன்கதவு திறந்தது.

"சாந்தி, முன்னால வா," என்றார் அவர்.

பஸ்ஸில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் பார்த்தார்கள். அந்த சீட் காலியாக இருந்தது. முன்கதவால் ஏறி, அதில் உட்காராமல் நின்றேன்.

"ரத்தோட்டையிலேயே பார்த்துட்டேன்," என்றார். "நீ மறைஞ்சு உக்காந்திருந்தே. சரி, அதுல ஏதோ இருக்குன்னு விட்டுட்டேன்."

"இது மல்காந்தியோட சீட்டுங்களே?"

"அவங்க இறங்கிட்டாங்க. உக்காரு. குளிர்ல உதடெல்லாம் வெளுத்துப் போச்சு."

உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. மனதில் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "வீட்டுல ஏங்க பேச மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

ஒரு வளைவு தாண்டியது. பிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு இந்த ரோட்டுல பயம், சாந்தி."

"பயமா?"

"போன வருச மழையில ஒருநாள் நேரஞ்செண்டு ராத்திரியில வந்தேனே. ரோடு மூடிட்டாங்கன்னு சொன்னேன். மூடலை. மேல இருந்து மண்ணு சரிஞ்சு பஸ்ஸுக்கு முன்னால விழுந்துச்சு. ஒரு கஜம் தள்ளிப் போயிருந்தா எல்லாரும் பள்ளத்துல. பிரேக்குல வச்ச காலை எடுக்கவே முடியல. மல்காந்தி அக்காதான் பின்னால இருந்து, ஏதாவது பேசு தம்பி, பேசிக்கிட்டே பஸ்ஸை எடுன்னாங்க. வாய்க்கு வந்ததைப் பேசினேன். பஸ்ஸைப் பின்னால எடுத்துட்டேன். அன்னையில இருந்து பேசினாத்தான் கை நிக்குது. அந்த இடம் வந்தா அவங்களுக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேரும் பேசிக்குவோம்."

"வீட்டுல?"

"வீட்டுல பயம் இல்லையே. எதுக்குப் பேசணும்?"

நல்ல பதில்தான். கேட்டதும் கண் கலங்கியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பொறாமை போகவில்லை, இன்னும் கூடியது. அவர் சிரிப்பை ஊரே பார்க்கட்டும். அவர் பயந்த நாளில் வீட்டுக்கு வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. வேறொருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

"அடுத்த வளைவுதான் அந்த இடம்," என்றார். அவருடைய கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினேன்.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க!" என்றேன். என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. "அங்க தெரியுது பாருங்க, அது... அது ஒரு மலை!"

"எது அக்கா, பனிதானே தெரியுது?" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

"பனிக்குப் பின்னால இருக்குங்க! நம்புங்க! அந்த மலையிலதான் ஒரு மரை, கொய்யாப்பழம் தின்னு இனிப்புக் காணாதுன்னு கோவிச்சுக்கிட்டுப் போச்சு..."

சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. உளறிக்கொண்டே இருந்தேன். வளைவு தாண்டிவிட்டது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் பஸ் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தடித்த ஜாக்கெட் ஒன்றை மறக்காமல் எடுங்கள். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், கடும் மழையென்றால் போகவே வேண்டாம். திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போனால் பனி குறைவாக இருக்க வாய்ப்புண்டு. நீல பஸ்ஸில் ஏறினால் டிரைவரோடு தாராளமாகப் பேசுங்கள், அவருக்கு நல்லது. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். பஸ் மலை ஏறும்போது அது மல்காந்தியுடையது. மலை இறங்கும்போது என்னுடையது.