லட்சுமிக்குப் பதிலாக நான் சுற்றிய மூன்று சுற்று

எங்கள் பசு வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்ற காலை இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. 1996, தைப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. அவள் பெயர் லட்சுமி. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டு மாட்டுக்கு இந்தப் பெயரா என்று சிரிக்காதீர்கள். வாங்கும்போதே அந்தப் பெயரோடுதான் வந்தாள், வேறு பெயர் சொன்னால் திரும்பியே பார்க்க மாட்டாள். ஏழு மாதச் சினை. நானும் என் வீட்டுக்காரரும் காடு தோட்டத்துக் கூலி வேலைக்குப் போனாலும், எங்கள் இரண்டு பெண்களின் வயிறு நிறைந்தது அவள் மடியால்தான்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். வாயிலும் குளம்பிலும் புண். கோமாரி என்றார். ஊசி போட்டுவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "ஏனுங்கம்மா, மாட்டக் கட்டுத்தறிய உட்டு எங்கயும் ஓட்டீட்டுப் போயிராதீங்க. இந்தக் கயிறு பட்டாக்கூட மத்த மாட்டுக்கு ஒட்டிக்கும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. ஏனென்றால் நான் புனிதர் வனத்துச் சின்னப்பருக்கு நேர்ந்திருந்தேன். போத்தனூர் தாண்டியிருக்கும் எங்கள் ஊரில் ஆடு மாடுகளுக்கு அவர்தான் காவல். பொங்கல் முடிந்த மறுநாள் திருவிழா. வேதக்காரர், இந்துக்கள் எல்லாரும் கொம்புக்கு வர்ணம் அடித்து, மணி கட்டி, மாடுகளை ஓட்டி வருவார்கள். சின்னப்பர் கோவிலை மூன்று சுற்று சுற்றியதும் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். பொங்கலில் முதல் கைப்பிடி மாட்டுக்கு, பிறகுதான் மனிதருக்கு. இரண்டு முறை கரு தங்காத லட்சுமி சினையானால் அவளை அப்படி ஓட்டி வருகிறேன் என்று முழங்காலில் நின்று சொன்னவள் நான்.

"நேந்தது நேந்ததுதான் புள்ள," என்றார் வீட்டுக்காரர். "ஓரமா ஓட்டீட்டுப் போயி ஒரு சுத்தாச்சும் சுத்திப்போட்டு வந்தரலாம். சாமி குத்தமாயிட்டா வகுத்துல இருக்கற கன்னும் போயிரும்."

"நம்ம மாடு பொழைக்கறதுக்கு ஊரு மாடெல்லாம் சாகோணுங்களா?" என்று கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, எனக்கும் பயம்தான். சின்னப்பரிடம் சண்டையே போட்டேன். "நான் சொன்ன சொல்லு மாறறவ இல்லீங்க சாமி. ஆண்டவருகிட்ட எனக்காகப் பேசி ஒரு வழி காட்டுங்க." ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. லட்சுமியோ தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

திருவிழா அன்று விடியற்காலை ஜெபமாலை முடிக்கும்போது மனதில் தெளிவாக ஒன்று வந்தது. மாட்டால் முடியாவிட்டால் மாட்டுக்காரி சுற்றட்டுமே! கட்டுத்தறி நோய் என்னோடு ஒட்டி வந்துவிடக் கூடாதென்று சோப்புப் போட்டுத் தலைமுழுகினேன். பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டினேன். திருவிழாக் கடையில் புதுக் கயிறும் மணியும் வாங்கி என் கழுத்திலேயே கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

சிரிக்காதவர் யார்! பக்கத்துத் தோட்டத்து அம்மா வண்டி மாடுகளோடு வந்திருந்தார். "ஏ சவரியம்மா, இதென்ன கூத்து? மாடு எங்க?"

"கோமாரிங்கம்மா. உங்க மாட்டுக்கெல்லாம் வந்தரக் கூடாதுன்னு நானே சுத்தறனுங்க."

அவர் சிரிப்பு நின்றுபோனது. மாட்டை ஆளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு சுற்றும் என்னோடு நடந்தார். சாமியார் என் தலையில் தீர்த்தம் தெளித்தார். லட்சுமிக்குச் சேர வேண்டிய முதல் கைப்பிடிப் பொங்கலை அந்த அம்மாவே என் வாயில் ஊட்டினார். அவர் தோட்டத்தில் கூலிக்குக் களை எடுப்பவள் நான். அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே என் வீட்டுக்காரர். "லட்சுமி கஞ்சித்தண்ணி குடிச்சுப்போட்டா புள்ள!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார்.

பங்குனியில் லட்சுமி பெண் கன்று போட்டாள். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. அந்த வருடம் எங்கள் ஊரில் வேறு எந்த மாட்டுக்கும் கோமாரி வரவில்லை. நான் ஒரு மாட்டைத்தான் கேட்டேன், ஆண்டவர் ஊர்ப் பட்டிகளையே காத்தார்.

அதுவரை நான் சாமியிடம் பேரம் பேசியவள். இப்போது பேசுவதில்லை, நம்புகிறேன். நீங்களும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், முழங்காலிலும் நில்லுங்கள். அந்த மணி எங்கள் வீட்டுச் சின்னப்பர் படத்துக்குக் கீழே தொங்குகிறது. மாட்டை ஓட்டி வர முடியாதவர்கள் வருடா வருடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். உங்களுக்கும் வேண்டுமா? வாருங்கள், தருகிறேன்.