ஒரு நம்பருக்கு மட்டும் இலவசம்

செக்போஸ்ட்டைத் தாண்டி நாங்கள் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். அம்மா முன்னால், நான் பத்தடி பின்னால். வழக்கமாகச் சந்தை முக்கில் நின்று எனக்கு ஒரு பழம்பொரி வாங்கித் தருவாள். அன்று நிற்கவில்லை. களியக்காவிளைச் சாலையில் வாழைக்குலை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே புகுந்து அவள் போன வேகத்துக்கு என்னால் ஓடத்தான் முடிந்தது. போன் என் கையில் இருந்தது. அதில் பத்து பைசா மிச்சமில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அம்மா அவ்வளவு காசையும் தீர்த்திருந்தாள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. போனில் ரோமிங் என்று ஒன்று இருந்த காலம். அப்பா கொல்லம் பக்கம் கொத்தவேலை பார்த்தார்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். எங்களுக்கு அவர் வாங்கித் தந்தது கேரள சிம். வீட்டில் வைத்துப் பேசினால் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு, வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கிவிடும். செக்போஸ்ட் கடந்து முதல் வளைவில், ரோட்டுக்கு அடியில் ஓடை போகிற கலுங்கு ஒன்று உண்டு. அங்கே போய் நின்றால் கேரள டவர். வருகிற அழைப்பு சும்மா. ஆகவே சாயங்காலம் ஆறு மணிக்கு, புருஷன் கேரளத்தில் வேலை பார்க்கிற எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் முகம் கழுவி, பொட்டு வைத்து, இன்னொரு மாநிலத்துக்கு நடந்துபோவார்கள். கலுங்கின் கைச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள், பக்கத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். இருட்டுவதற்குள் தமிழ்நாட்டுக்குத் திரும்பி உலை வைப்பார்கள்.

அம்மாவின் பேச்சுதான் எப்போதும் முதலில் முடியும். மூன்று நிமிடம் ஆனதும் அப்பா, காசு போகிறது என்று சொல்லி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அம்மா ஓடையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மாப்பிள்ளை ரப்பர் வெட்டுகிற ஒருத்தி ஒருநாள் கேட்டேவிட்டாள்: “ஏட்டி, ஒனக்க மாப்பிள மூணு நிமிசத்துல என்னத்த பேசுகாரு? செவரு நேரா இருக்கான்னு கேட்டுட்டு வைக்காரா?” எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். திரும்பும்போது பழம்பொரி வாங்கித் தரும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெண்கள் அரைமணி நேரம் பேசுகிற சூத்திரத்தை நான் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூப்பிடுகிறவர் சிம்மில் மாதம் ஒரு கூப்பன் போட்டால், சொல்கிற ஒரே ஒரு நம்பருக்கு எவ்வளவு பேசினாலும் காசில்லை. கூட்டு நம்பர் என்பார்கள். கம்பெனிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். இங்கிலீஷில் வரும் பதில்களை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான் என்பதால், சீக்கிரமே கலுங்கில் எனக்கு மரியாதை ஏற்பட்டது. எந்தக் கூப்பன் எத்தனை நாளைக்கு, எது ஏமாற்று என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நான் வாங்கியது பதினொன்று.

அப்பாவிடம் கேட்டதற்கு, தன் சிம்மில் அந்தச் சலுகை இல்லை என்றார். நான் நம்பவில்லை. அடுத்த முறை அவர் வந்து, சாப்பிட்டு, வாய் திறந்து தூங்கும்போது போனை எடுத்து மெசேஜ் அனுப்பினேன். பதில் வந்தது. கூப்பன் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு நம்பரும் இருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தது. அந்த நம்பர் எங்கள் யாருடையதும் அல்ல. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். கூப்பன் விற்றவன் யாருடைய நம்பரையோ போட்டுக் கொடுத்துவிட்டான், இவரும் அது தெரியாமல் மாதாமாதம் காசை வெட்டியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பழைய நம்பரை நோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டு, அம்மாவின் நம்பரைப் போட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் அம்மா அரைமணி நேரம் பேசினாள். அப்பாவுக்கு விஷயம் விளங்கவில்லை; காசு போகாது என்று அம்மாதான் சொல்லிச் சொல்லிப் பிடித்து வைத்தாள். பலாக்காய் விழுந்து ஓடு உடைந்தது, கோழி அடைக்கு இருந்தது, பால் சொசைட்டியில் நடந்த சண்டை எல்லாம் சொன்னாள். ஒரு கட்டத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரப்பர்காரிகூடத் தன் போனை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். இன்று வேலைக்குப் போன இடத்திலிருந்து, சூரத்தோ ஓசூரோ, நான் நாள் முழுக்கப் பேசலாம், கணக்கில்லை. அம்மாவிடம் நான் பேசுவது பெரும்பாலும் மூன்று நிமிடம்தான்.

வியாழக்கிழமை அப்பா பேச்சை எடுத்ததுமே, போனில் போட்ட காசெல்லாம் போய்விட்டது, யாரும் கைவைத்தீர்களா என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே என் சாமர்த்தியத்தைச் சொன்னாள். அப்பா, முதலில் இருந்தது வேலைக்கு வேண்டிய நம்பர் என்றார். மேஸ்திரியா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றார். மேஸ்திரி பக்கத்து வாடகை வீட்டில்தானே இருக்கிறார் என்று அம்மா கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அம்மா என்னிடம் நம்பரைக் கேட்டாள். எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. எண்கள் ஒருமுறை பார்த்தால் போதும். சொன்னேன். அவள் கலுங்கின் மறு ஓரத்துக்கு நடந்துபோய் அதை அழுத்தினாள். நானும் கூடவே போனேன். எங்கள் போன் பழையது. பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கும்.

ஒரு பெண் குரல் எடுத்தது. புது நம்பரைப் பார்த்து ஒரு கணம் தயங்கியது. பிறகு, “அண்ணனா? போன் கெட்டுப்போச்சா? ரெண்டு நாளா விளிக்கல்லியே. நீங்களும் என்ன விட்டாச்சோன்னு இருந்தேன்” என்றது. பின்னால் ஒரு சின்னக் குழந்தை, மாமாவா அம்மா, மாமாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா பதில் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. அந்தப் பெண் இரண்டு மூன்று முறை ஹலோ என்றாள். பிறகு அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். அவளும் பேச்சை நிறுத்தினாள். அவள் மூச்சும், மாமாவா என்ற அந்தக் குழந்தையின் கேள்வியும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன், காசு போகிறது என்று. காசு முழுவதும் தீர்ந்து, தானாகவே அறுந்த பிறகுதான் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள்.

இப்படித்தான் நாங்கள் திரும்பி நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும் அம்மா நின்றாள். “அப்பா வரும்போ அந்த நம்பரயே திரும்ப போட்டு வச்சிரு, மக்கா.”

“அப்போ நமக்குக் காசாவுமே.”

“ஆவட்டு. நமக்கு மூணு நிமிசம் போரும்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “நான் விளிச்சத அப்பாட்ட சொல்லாண்டாம்” என்றாள்.

நான் அன்று சாப்பிடவில்லை. ஊரில் ஒருத்திக்கும் இல்லாத முட்டாள்தனம் என் அம்மாவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பாவுக்குச் சோறு பொங்கிப் போடுகிற யாரோ ஒருத்தியாக இருக்கும். அவளுக்கு அரைமணி நேரம், எங்களுக்கு மூன்று நிமிடம். விடியும்போது வழி தெரிந்தது. அப்பாவின் சிம் அந்தப் பெண்ணுக்கே இருக்கட்டும். அம்மாவின் சிம்மில் தனியாக ஒரு கூப்பன் போட்டு, அதில் அப்பாவைக் கூட்டு நம்பராக வைத்தால் போயிற்று. கூப்பனுக்குக் காசு வேண்டும். முழுப்பரீட்சை லீவுதான், வேலைக்குப் போகலாம். அந்த ஜூனில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், லீவு முடிந்த பிறகும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதை அன்று யார் கண்டது.

காலையில் சந்தைக்குள் இருந்த போன் கடைக்குப் போய் வேலை கேட்டேன். கடைக்காரர் அப்பாவோடு ஒன்றாக வளர்ந்தவர். எதற்குலே உனக்கு வேலை என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பாவிடம்தானே சொல்லக்கூடாது. அந்தக் குரல் அண்ணன் என்று கூப்பிட்டதையும், அம்மா வாயைத் திறக்காமல் காசைக் கரைத்ததையும், அந்த நம்பரையே திரும்பப் போடச் சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“போடச் சொன்னது ஒனக்க அம்மயா? அவளே சொன்னாளா?”

ஆமாம் என்றேன். இன்னொரு முறையும் அதையே கேட்டார். அம்மாவின் அறியாமையைக் கண்டு அவரும் அதிசயிக்கிறார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. நான் கைக்குழந்தையாக இருக்கும்போது அவள் பாறசாலைக்காரன் ஒருவனோடு போயிருக்கிறாள். அதனால் அம்மாவின் தங்கைக்கு வந்திருந்த நல்ல சம்பந்தம் முறிந்திருக்கிறது. ஆல்பத்திலிருந்து அத்தையின் படங்களைக் கத்தரித்து அடுப்பில் போட்டதும், இனி அவளோடு பேசுவதில்லை என்று அப்பாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியதும் அம்மாதான். இதெல்லாம் என் காதுக்கு வர இன்னும் ஆறு வருடம் இருந்தது.

கடைக்காரர் ஒரு கூப்பனை எடுத்து என் முன்னால் வைத்தார். இதை முதலில் அம்மாவுக்குப் போடு, காசு பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு இருந்த விஷயஞானத்தைப் பார்த்துத்தான் முன்பணம் தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேசை உயரமாக இருந்ததால் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, அங்கே காத்திருந்த மீன்காரியிடம், எந்த நம்பருக்கு அதிகம் பேசுவீர்கள் என்று கேட்டேன்.