ருக்கு மாமியின் கைதட்டலும் சுண்டல் என்கிற நாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு மேலே நிற்கும். ருக்கு மாமிக்கு அதைவிட ஒரு படி மேலே. அப்படியிருந்தும் அந்த வீட்டில் நான்கு வருடம் இருந்தேன் என்றால், மாமியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது வீடு. கீழே மாமியும் அவர் கணவர் வெங்கடசுப்ரமணியனும்; மாடியில் பேயிங் கெஸ்ட்டாக நாங்கள் பதினொரு பெண்கள். மாமி மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களிடம் தமிழில் திட்டுவார், பால்காரரிடம் அதே மூச்சில் கன்னடத்தில் திட்டுவார். மாமா மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இந்த ஹாஸ்டலை ஆரம்பித்ததே மாமிதான். பிள்ளை போனில் வேண்டாம் வேண்டாம் என்றாராம். "டிவி பார்த்துண்டு தூங்கறதுக்காடா இவ்ளோ பெரிய வீடு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாராம். ஐம்பத்தாறு வயதில் புதுத் தொழில்! என்ன தைரியம் பாருங்கள்.

காலை ஏழு பத்துக்குக் கம்பெனி கேப் வரும். டிரைவர் மூன்று நிமிடம்தான் நிற்பார். விட்டால் பஸ்ஸில் நசுங்கிப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஏழு மணிக்கே மாமி கேட்டில் போய் நின்றுகொள்வார். வண்டி தெருமுனையில் திரும்பியதும் இரண்டு கையையும் தட்டி, "ஏய் தாரணி! சௌம்யா! வண்டி வந்தாச்சுடி! ஓடு ஓடு ஓடு!" என்று போடுவார் பாருங்கள் ஒரு சத்தம், அடுத்த தெருக்காரர்களும் ஆபீஸ் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் வாயில் இட்லியும் கையில் செருப்புமாகத் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவோம்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் சுண்டல் வளர்ந்தது. நவராத்திரியின்போது கொலு பார்க்க வந்தவர்களோடு உள்ளே நுழைந்த தெருநாய்க்குட்டி அது. தட்டிலிருந்த சுண்டலைக் காலி செய்துவிட்டு மாமியின் புடவை மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. அன்றோடு பெயரும் வைத்தாயிற்று. தயிர்சாதம், நெய் தடவின சப்பாத்தி என்று ராஜ உபசாரம்.

ஐந்தாறு மாதத்தில் கால் நீண்டது, வாலும் நீண்டது, வம்பும் வந்தது. கேப் கிளம்பினால் போதும், சுண்டல் பின்னாலேயே பறக்கும். சக்கரத்தைக் கடிக்கப் பார்க்கும். மாமி கைதட்டிக்கொண்டே, "சுண்டல்! வாடா! வந்துடுடா!" என்று தெருவில் ஓடுவார். அது இன்னும் வேகம் எடுக்கும். சங்கிலி போட்டோம், அறுத்தது. தண்ணீர் ஊற்றினோம், குளித்துவிட்டு ஓடியது. செருப்பை எறியலாம் என்று நான் சொன்னேன், எறிந்தேன், செருப்பு சாக்கடையில் விழுந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அது நடந்தேவிட்டது. எங்கள் டிரைவர் கோவிந்தப்பா போட்ட பிரேக்கில் நாங்கள் எல்லோரும் முன்சீட்டில் போய் மோதினோம். கீழே இறங்கிப் பார்த்தால், முன்சக்கரத்துக்கும் சுண்டலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. முன்காலில் தோல் உரிந்து ரத்தம். கோவிந்தப்பா நேராக மாமியிடம் போனார்.

"மாமி, இவத்து... இன்னிக்கு தப்பிச்சுடுச்சு. நாளைக்குப் பின்னாடி லாரி வந்தா நான் பிரேக் போட முடியாது. சத்தியமா முடியாது மாமி. அடிபட்டுச் செத்துட்டா என்னைத் திட்டாதீங்க."

மாமி சுண்டலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று எங்கள் சாம்பாரில் உப்பே இல்லை, அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

அந்த வார இறுதியில் மாமியின் மகள் ஸ்வர்ணாவின் சீமந்தம். மாமியும் மாமாவும் மைசூர் போனார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சுண்டல் என் பொறுப்பு.  ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். கேப் வந்தது. பெண்கள் சாவகாசமாக வந்தார்கள், பாதிப் பேர் வரவேயில்லை. கேப் போனது. சுண்டல்? வெயிலில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது! மறுநாளும் அப்படியே.

புதன்கிழமை மாமி திரும்பி வந்து கேட்டில் நின்றார். கைதட்டினார். "ஓடு ஓடு!" சுண்டல் அம்பு மாதிரி கிளம்பியது. நான் பாய்ந்து அதன் மேலேயே விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. எனக்கு வந்ததே கோபம்!

"மாமி! அதை ஓட வைக்கிறதே நீங்கதான்! நீங்க கைதட்றீங்க, கத்துறீங்க, பதினோரு பேர் ஓடுறோம். வண்டி வந்தா ஓடணும்னு பொறந்ததுலேருந்து அதுக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க! நீங்க ஊர்ல இல்லாதப்போ அது எழுந்துகூட பாக்கல, தெரியுமா?"

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "நானா? நான் பெத்த பிள்ளை மாதிரி வளக்கறேன், நானாடி அதைக் கொல்லப் பாக்கறேன்?"

அன்று ராத்திரி தட்டை நங்கென்று வைத்தார். மறுநாள் காலை காபியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ சொன்னது வாஸ்தவம்டி. யோசிச்சுப் பாத்தேன். இப்போ என்ன பண்ணணும், சொல்லு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டேன்.

பண்ண வேண்டியது ஒன்றே ஒன்று. மாமி வாயைத் திறக்கக் கூடாது. ஐயோ, அது என்ன லேசான காரியமா!

பெண்களைக் கிளப்பும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். ஆறே முக்காலுக்குப் பூஜை மணியை ஆட்டிக்கொண்டு மாடியேறி, ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று அடிப்பார். வண்டி வருவதற்குள் எல்லோரும் தயார். ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா தானாகவே காலி சுமோவோடு வந்தார். மாமி முக்காலி போட்டு கேட்டுக்குள் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சுமோ நத்தை வேகத்தில் போகும், வரும். சுண்டல் வண்டியை விட்டு மாமியின் முகத்தைப் பார்த்த நொடியில் ஒரு துண்டு சப்பாத்தி. இப்படி முப்பது, நாற்பது தடவை. பிறகு கொஞ்சம் வேகம். பிறகு ஹாரன். மாமி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் தினமும் இதே கதைதான். சுண்டலைவிட மாமிக்குத்தான் கஷ்டம் என்று மாமா என் காதில் சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரல் கடைசியில், வியாழக்கிழமை, மாமி முதல்முறையாகக் கயிற்றை அவிழ்த்தார். அன்றைக்குப் பார்த்தா கோவிந்தப்பா லீவு போட வேண்டும்! புது டிரைவர், க்வாலிஸ் வண்டி. தெருமுனையிலிருந்தே ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தான். நாங்கள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான்.

"அண்ணா, மெதுவா! நாய் இருக்கு!" என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. சுண்டல் எழுந்து நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். வால் விறைத்தது. கேட்டைத் தாண்டி ஓரடி, ஈரடி வைத்தது. அதற்குள் வண்டி திரும்பிவிட்டது, எனக்கு எதுவும் தெரியவில்லை. சக்கரத்தில் தட்டுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சௌம்யா என் கையை நசுக்கிவிட்டாள்.

மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் என் செல்போன் அடித்தது. வீட்டு நம்பர். எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமி? மாமி, என்ன ஆச்சு? சொல்லுங்க மாமி!"

"திரும்பி வந்துடுத்துடி!" மாமி ஓவென்று அழுதார். "ரெண்டடி போச்சு. நான் கத்தலைடி, கத்தவே இல்லை. நின்னுது. திரும்பி என் மூஞ்சியைப் பாத்துது. வந்து மடியில ஏறி உக்காந்துண்டுடுத்து. வாயை அப்படிக் கடிச்சுண்டு இருந்திருக்கேன், உதடெல்லாம் ரத்தம்டி தாரணி."