மாமா கேட்ட கொமட்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் பிறப்பது அம்மாவின் வீட்டில். அது பிறகு அக்காவின் வீடாகிவிடும். கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போவான். கடைசியில் கண் மூடுவது மகளின் வீட்டில். இடையில் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் யாராவது ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். நானும் கேட்டுத்தான் அடித்தேன், அதுவும் காலண்டர் மாட்டுவதற்கு.

கல்லடியில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் என் மனைவியின் வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாக வந்தபோது, மாமாவும் மாமியும் முன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின் அறைக்குப் போனார்கள். மாமி பிறகு காலமாகிவிட்டார். மாமா மட்டும் அந்தப் பின் அறையிலேயே, ஒரு கட்டிலும் ஒரு றேடியோவுமாக இருந்தார். முன் அறையில் அட்டாச் பாத்ரூம் உண்டு, அதில் காலைத் தொங்கவிட்டு இருக்கும் வெள்ளைக் கொமட் உண்டு. பின் அறைக்காரருக்குக் கிணற்றடியில் குந்தி இருக்கும் பழைய கக்கூஸ். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. முன் அறையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

மகளுக்குக் களுதாவளையில் மாப்பிள்ளை சரிவந்தது. நல்ல பையன். வீட்டு உறுதியை மகளின் பெயருக்கு மாற்றி எழுதுவதென்றும், கலியாணத்துக்கு முன் வீட்டைத் திருத்துவதென்றும் முடிவானது. சமையல் குசினியைப் பெரிதாக்குவது, நிலத்துக்கு டைல்ஸ் பதிப்பது, முன் அறையை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுப்பது. நானும் மனைவியும் நடு அறைக்கு. இனி ஒருமுறை பின்னால் தள்ளினால் வாவிக்குள்தான் கட்டில் போட வேண்டும்.

நடு அறையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை முழுக்க அந்த வெள்ளைக் கொமட்டைப் பற்றியது. என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னமே ஓய்வு பெற்றுவிட்டன. குந்தினால் எழும்ப முடியாது. எழும்புவதற்கு ஒரு சுவரும், கொஞ்சம் அவகாசமும், பக்கத்தில் யாரும் இல்லாத நிலையும் வேண்டும். இதை வாய் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால், ஒரே மகளுக்கு ஓர் அறையைக் கொடுக்க மனமில்லாமல் அப்பன் முழங்காலைச் சாட்டுகிறான் என்றாகிவிடும். மகளின் முகம் வாடிவிடும். அதைவிட நான் கிணற்றடியிலேயே குந்தியபடி கிடந்து சாகலாம்.

ஆகவே மூளையைப் பாவித்தேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாடி அறைதான் விருப்பம். மேல நல்ல காத்து," என்றேன்.

வீட்டைத் திருத்த வந்த மேசன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அண்ணன், இந்த அத்திவாரம் கூரை ஓட்டத் தாங்குறதே பெரிய காரியம்," என்றார்.

பிறகு, நடு அறைக்கும் ஒரு பாத்ரூம் இணைத்தால் வீட்டின் மதிப்புக் கூடும் என்று ஒரு சேதியைப் போட்டேன். மனைவி தலையில் கையை வைத்துவிட்டாள். "அங்கால சாமி அறையெல்லோ? சாமிர சுவரோட கக்கூஸக் கட்டச் சொல்றீங்களா? உங்களுக்கு என்ன நடந்தது?"

கடைசியில், கொமட்டில் இருப்பது உடம்புக்குக் கூடாது, குந்தி இருப்பதுதான் வயிற்றுக்கு நல்லது, புது மாப்பிள்ளையின் ஆரோக்கியத்தையும் நாம் யோசிக்க வேண்டும் என்றேன். நான் சொன்னதிலேயே கேவலமானது அதுதான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இதப் போய் அவரிட்டச் சொல்லிராதீங்க, கலியாணம் குழம்பிரும்," என்றாள்.

நான் தோற்றுப்போய் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேசன் அளவுநாடாவோடு வந்திருந்தார். உறுதி எழுதும்வரை, என்ன கேட்டாலும் அவர் பார்த்தது என் மனைவியின் முகத்தைத்தான். எழுதி முடிந்த பிறகு, தேத்தண்ணியை மனைவியிடம் வாங்கிக் குடித்துக்கொண்டே மகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். என் முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. அன்றும் அப்படித்தான் கதை நடந்துகொண்டிருந்தது. அப்போது, வீட்டு விசயத்தில் ஒருநாளும் வாய் திறக்காத மாமா, பின் அறை வாசலில் வந்து நின்றார்.

"மகள், பின்னால இரிக்கிற கக்கூஸுக்கும் ஒரு கொமட் போட்டா என்ன? எனக்கு முழங்கால் ஏலாது."

மனைவியின் கண் கலங்கிவிட்டது. "ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒரே வீட்டுல இரிக்கிறீங்க. வயசானவருக்கு முழங்கால் நோவுதெண்டு உங்களுக்குத் தெரியல்லையா? நீங்க மாடி கட்டுங்க!"

நான் தலையைக் குனிந்து அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் பேச்சு வாங்கியதில்லை.

மேசன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டுக்கும் இடம் காணாது. பழசை உடைச்சிப்போட்டுத்தான் இத வைக்கலாம்."

"உடையுங்க," என்றார் மாமா.

பழையதை உடைத்த நாளில், மாமா கிணற்றுக் கட்டோரம் குந்தி இருந்து காலையிலிருந்து பகல் வரை வேடிக்கை பார்த்தார். வேளாண்மை செய்த மனிதர். வயல் வரம்பில் குந்தினால் வெயில் ஏறும்வரை எழும்ப மாட்டார் என்று மனைவி சொல்லுவாள். அன்று சாப்பிடக் கூப்பிட்டதும், பக்கத்தில் ஒன்றையும் பிடிக்காமல், கொக்கு எழும்புவதுபோல எழும்பி வந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் என் கவனமெல்லாம் உரப்பைக்குள் இருந்து வெளியே வந்த கொமட்டில் இருந்தது. முன் அறையில் இருந்ததைவிட அது ஒரு பிடி உயரம். என் முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

கலியாணம் நல்லபடி நடந்தது. மாப்பிள்ளை முன் அறைக்கு வந்தார். என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்பி நிற்பார். அவர் எழும்பும் வேகத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதும் உண்டு. நாங்கள் நடு அறையில் பழகிக்கொண்டோம். கிணற்றடிக் கொமட்டில் நான் ஒரு ராசாவைப் போலக் காலையில் வீரகேசரிப் பேப்பரைக்கூட விரித்து வாசித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு காலையிலாவது மாமா வெளியே நின்று கதவைத் தட்டியதில்லை. நல்ல மனிதர், நேரம் பார்த்து நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வழமையைவிட வெள்ளென விழிப்பு வந்தது. கிணற்றடிக்குப் போனால், மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மதிலில் இருக்கும் சின்னக் கேற்றைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய இளைய மகளின் வீடு. அங்கே கொல்லையில் இன்னும் பழைய மாதிரிக் கக்கூஸ்தான்.

"மாமா, எங்க போறீங்க?"

களவாகப் புகையிலை போட்டுப் பிடிபட்டவரைப்போல நின்றார். "மெதுவாக் கதைங்க மருமகன். வீட்டுக்குள்ள மகளுக்குக் கேக்கும்."

"நம்மட கொமட்டுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்டுமில்ல. நல்ல சாமான். எனக்குத்தான் சரிவராது. கதிரையில இரிக்கிற மாதிரி இரிக்கு. வேல நடக்குதில்ல."

"அப்ப ஏன் மாமா கேட்டீங்க? முழங்கால் ஏலாதெண்டீங்களே?"

மாமா குனிந்து என் முழங்கால்களைப் பார்த்தார். இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் இருந்த அவற்றை மறைப்பதற்கு எனக்கு இடம் இருக்கவில்லை. இத்தனை வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, சாப்பாடு, சுகம், மழை என்பதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் பேசியதில்லை. என் மனைவி காணாததை, மகள் காணாததை, இந்த மனிதர் பின் அறை வாசலில் இருந்தபடியே கண்டிருக்கிறார். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"மேசனை வரச்சொல்றன் மாமா," என்றேன். "மதிலோரமாப் புதுசா ஒண்டு, உங்களுக்குப் பழைய மாதிரியே கட்டுவம்."

மாமா அவசரமாகக் கையை அசைத்தார். "வேணாம் மருமகன், சும்மா இரிங்க. திரும்பவும் மேசன் வந்து உடைக்கத் தொடங்கினா, இவளுகள் நம்ம ரெண்டு பேரையும் தூக்கி எங்க போடுவாளுகளெண்டு தெரியாது."

அப்படிச் சொல்லிவிட்டு, வாளித் தண்ணீர் சிந்தாமல் கேற்றைத் தாண்டிப் போனார்.