பாக்ஸ்டியும் ஒரு கையெழுத்தும்

அட்ராக்டா மல்விக்கு வலது மணிக்கட்டு உடைந்த வருஷம்தான் அவளுடைய தம்பி ஃபின்டன் முதன்முதலாக உருளைக்கிழங்கு துருவினான். அப்போது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. அதுவரை ஊரில் இருந்த ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் அக்காளின் சமையலறையில் உட்கார்ந்து பாக்ஸ்டி என்கிற உருளைக்கிழங்கு அடை தின்றிருக்கிறான். ஒரு வருஷம் பதினோரு அடை தின்றதாக இன்னும் சாராயக்கடையில் சொல்லிக்கொள்கிறான். பதினோரு அடைக்கு எத்தனை கிழங்கு துருவ வேண்டும், எத்தனை முறை விரல் முட்டியில் தோல் போகும் என்பதெல்லாம் அவன் கணக்கில் கிடையாது.

அட்ராக்டாவை எனக்கு முதியோர் இல்லத்தில் தெரியும். நான் அங்கே நர்ஸ், அவள் சலவைப் பிரிவு. லீட்ரிம் மாவட்டத்தில் ஆலன் ஏரிக்கு மேற்கே, அவள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில்தான் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். அவள் வாழ்க்கையைச் சொல்வதென்றால் நாலு வரியில் முடிந்துவிடும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இருபது வயதில் டப்ளினில் தொலைபேசி நிலையத்தில் வேலை. சொந்தச் சம்பளம், ஒரு சிவப்புக் கோட்டு, சனிக்கிழமை நடனம். எண்பத்திரண்டாம் வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம். "புல்லறுத்து உலர்த்துற வரைக்கும் வந்து இரு" என்று அப்பா எழுதினார். வந்தாள். அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தாள். அவள் போன பிறகு அப்பாவுக்குக் கண் போயிற்று, அது ஐந்து வருஷம். பதினான்கு வருஷப் புல்லறுப்பு. தங்கை கன்செப்டா லாங்ஃபர்டில் பள்ளிக்கூட டீச்சர். வருவாள், அழுவாள், போவாள். தம்பி லண்டனில் கட்டட வேலை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும்.

அப்பா இறந்ததும் ஃபின்டன் ஊர் திரும்பினான். உயிலில் நாற்பத்திரண்டு ஏக்கரும் வீடும் அவன் பெயருக்கு. அட்ராக்டாவுக்கு ஒரே ஒரு வரி: ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை. இந்தப் பக்கத்து அப்பன்மார்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். நிலம் மகனுக்கு, ஒண்டிக்கொள்ளும் உரிமை கல்யாணமாகாத மகளுக்கு. அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவள் இருபத்துமூன்று வருஷம் அங்கே இருந்தாள். கூரையை அவள் மாற்றினாள். கொல்லைப்புறத்தில் குளியலறையை அவள் சம்பளத்தில் கட்டினாள். ஃபின்டன் பெரிய சாலையோரம், மனைவி வழி வந்த மனையில், பெரிய ஜன்னல் வைத்த வீடு கட்டிக்கொண்டான்.

அந்த ஹாலோவீன் அன்று மூன்று மணிக்கே நான் போய்க் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஈரப் படுக்கை விரிப்பு மூட்டையைத் தூக்கும்போது விழுந்ததில் அட்ராக்டாவின் கையில் மாவுக்கட்டு. துருவுவதற்குத் தம்பி சீக்கிரம் வருவதாக இருந்தது.

"வருவானா?" என்றேன்.

"ரெண்டு நாள் முன்னாடி நானே கேக்கறதுக்குள்ள அவனே வரேன்னான், பொண்ணே. அதுதான் எனக்குப் பிடிக்கல."

ஃபின்டன் கதவைத் தட்டாமல், தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில், மாவுக்கும் மோருக்கும் நடுவில் வைத்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவ்வளவுதான். நான் அங்கே இருப்பது அவனுக்குப் பொருட்டில்லை. ஊர் நிலச் சங்கதி இந்த வெளிநாட்டுக்காரிக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருப்பான்.

"என்ன இது?" என்றாள் அட்ராக்டா.

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு கையெழுத்து. வக்கீல் கேக்குறார்."

"சும்மா கேக்குற வக்கீல நான் பாத்ததில்ல."

"பாரு, உனக்கும் வயசாவுது. இந்த வீடு ஒரே ஈரம். காரிக் டவுன்ல ஒரு ஃப்ளாட் பாத்து வச்சிருக்கேன். அருமையான இடம். சுவத்துல சூடு வரும். ஆத்தப் பாத்த ஜன்னல்."

"எத்தனாவது மாடி?"

"மூணு. லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட் ரிப்பேரானா?"

"அட்ராக்டா, எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேக்காத. மரக் கம்பெனி நிலத்துக்கு நல்ல விலை சொல்லுது. வீட்டோட சேத்துத்தான் வேணுங்கறான். உன் உரிமை பத்திரத்துல வில்லங்கமா நிக்குது."

"ஓ. நான்தான் வில்லங்கம்."

"நான் அப்படிச் சொல்லல. கன்செப்டாவும் சரின்னுட்டா. நீ மட்டுந்தான் பாக்கி."

மரக் கம்பெனி என்றதும் என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. எங்கள் சந்தின் மேல்முனையில் மூன்று வீடுகள் இருந்தன. மூன்றும் விற்றாயிற்று. இப்போது வாசற்படி வரைக்கும் ஊசியிலை மரம். காடு என்று சொல்வார்கள், காடில்லை, பயிர். குருவி கூட அதற்குள் போகாது. கடைசி வீட்டில் இருந்த கிழவர் பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார். பிறகு எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தார். பிறகு செத்தார்.

எத்தனையோ படிவத்தில் புரியாமல் கையெழுத்துப் போட்டவள் நான். அட்ராக்டா அந்த உறையைத் தொடவில்லை. துருவியைத் தம்பி பக்கம் தள்ளினாள். பிஸ்கட் டின்னைத் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டுப் பலகையில் அடித்தது.

"துருவு. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் துருவினான். மூன்றாவது கிழங்கில் விரல் முட்டி கிழிந்தது.

"இதுக்கெல்லாம் மிஷின் வந்தாச்சு, தெரியுமா?"

"மிஷின்ல அரைச்சா கூழாயிடும். துருவு."

"எத்தன?"

"பதினெட்டு."

"பதினெட்டா? ஊருக்கே சமைக்கிறியா?"

"உனக்கே பதினொண்ணு வேணுமே."

பாக்ஸ்டிக்குக் கிழங்கில் பாதியை வேகவைத்து மசிக்க வேண்டும். மீதியைப் பச்சையாகத் துருவி, துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீர் அழுக்காக, பழுப்பாக இருக்கும். அதை அசைக்காமல் அரைமணி வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்தண்ணீரை மட்டும் சாய்த்துவிட்டு, அந்த மாவை வழித்து மறுபடி கிழங்கோடு சேர்க்க வேண்டும். அடை உதிராமல் நிற்பது அதனால்தான். பிறகு கொஞ்சம் கோதுமை மாவு, உப்பு, சோடா, மோர். கல்லில் வெண்ணெய்.

ஃபின்டன் பிழிந்தான். பலசாலி, துணி கிழிகிற மாதிரி முறுக்கினான். கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஏதோ ஒத்தாசை செய்கிற தோரணையில் அதை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டி, கிண்ணத்தையும் அலம்பி வைத்தான்.

நான் வாயைத் திறந்தேன். அட்ராக்டா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கன்செப்டா வந்தாள், ஃபின்டனின் மனைவி கொரெட்டியும் வந்தாள். உறை அதற்குள் ஃபின்டனின் கோட்டுக்குள் திரும்பிப் போயிருந்தது. நான் கல்லில் ஊற்றினேன். ஒன்றும் திரும்பவில்லை. தோசைத் திருப்பியை விட்டால் நாலாக, எட்டாக உடைந்தது. உடைந்ததையே தட்டில் அள்ளி வைத்தேன். இவர்கள் மேசையில் நிலம், உயில், பணம் எதையும் பேசுவதில்லை. மழை பேசுவார்கள், யார் செத்தார்கள் என்று பேசுவார்கள், பந்தாட்டம் பேசுவார்கள். ஒரே வீட்டில் பிறந்த இருவர் முப்பது வருஷம் பேசாமல் இருப்பார்கள், ஏன் என்று பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாது. அன்றும் மழையில்தான் ஆரம்பித்தது.

"என்ன அட்ராக்டா, இந்த வருஷம் உதிருது?" என்றாள் கன்செப்டா, முள்கரண்டியால் கிளறி.

"செஞ்சது ஃபின்டன்."

கொரெட்டி சிரித்தாள். "இவரா? எங்க வீட்ல ஒரு முட்டை வேகவச்சது கிடையாது. வெந்நீர் வச்சாலே தீஞ்சுபோகும்."

"மாவு கொஞ்சம் கூடப் போட்டிருக்கணும்" என்றான் ஃபின்டன்.

"மாவு இருந்திச்சு. அதை நீ தொட்டியில கொட்டிட்ட" என்றாள் அட்ராக்டா. குரல் உயரவில்லை. "சின்ன வயசிலேருந்து இந்த மேசையில திங்கிற. அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியா? வீட்டுக்கு என்ன விலைன்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்க."

"சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேச்சு வேணாம்."

"உறைய எடுத்து இதே மேசையில வச்சவன் நீ. எடு, அவங்களும் பாக்கட்டும்."

கன்செப்டாவின் முகம் சிவந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "போன மாசமே சொன்னான். நல்ல முடிவுன்னு நினைச்சேன்."

"யார் எடுத்த முடிவு?"

"நீ எடுத்தது. இந்த ஈரம் தாங்கல, டவுனுக்குப் போகணும்னு நீதான் கேட்டன்னு சொன்னான்."

"என்கிட்டயும் அதேதான்" என்றாள் கொரெட்டி. சிரிப்பு போய்விட்டிருந்தது. "பாவம், கேக்கக் கூச்சப்படுறா, நீ எதுவும் விசாரிக்காதன்னார்."

அட்ராக்டா தம்பியைப் பார்த்தாள். "என்கிட்ட கன்செப்டா சரின்னுட்டான்னு. அவகிட்ட நான் கேட்டேன்னு. நாங்க மூணு பேரும் வாயத் திறக்கமாட்டோம்னு உனக்கு அவ்ளோ நம்பிக்கை."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்குன்னுதான் டப்ளின்லேருந்து கூப்பிட்டாங்க. என் நல்லதுக்குன்னுதான் அப்பா ஒரு வரி எழுதினாரு. அம்மாவுக்கு நான் ஒன்பது வருஷம் பீ அள்ளினேன், ஃபின்டன். நீ கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பின, அதுல என் பேரக் கூடத் தப்பா எழுதின. இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வரிதான். அதையும் மோர்ச் சொம்புக்குப் பக்கத்துல வச்சுக் கையெழுத்து கேக்குற."

"இது என் வீடு" என்றான். அவனுக்கும் கோபம் ஏறிவிட்டது; மேசை அதிர்ந்தது. "பத்திரம் என் பேர்ல இருக்கு."

"உன் வீடுதான். நான் செத்த பிறகு மரம் நட்டுக்கோ. அதுவரைக்கும் நான் இருக்கிற வீடு. கையெழுத்து கிடையாது. இன்னிக்கில்ல, என்னிக்கும் இல்ல. சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"தட்டாம வர்றியே, அந்தச் சாவி."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. மழையில், கோட்டு கூடப் போடாமல், கதவை அறைந்துவிட்டுப் போனான். வண்டிக்குள் உட்கார்ந்து விளக்கைப் போட்டான், ஆனால் கிளம்பவில்லை. மனைவி வர வேண்டுமே.

கொரெட்டி அவசரப்படவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கணவனின் கோட்டை எடுத்து, பைகளைத் துழாவி, ஒரு சாவியை மேசையில் வைத்தாள். பழுப்பு உறையை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இத வச்சு இன்னிக்கு வீட்ல எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கன்செப்டா அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே, அட்ராக்டா."

"நீ பண்ணியிருக்கலாம். எனக்கு ஒரு கைதான் உடைஞ்சிருக்கு, உனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். தங்கையை இரக்கமாகப் பார்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அட்ராக்டா என் கதவைத் தட்டினாள். பக்கத்து ஊரான ட்ரம்ஷான்போவுக்கு வண்டி ஓட்டச் சொன்னாள். அவளுடைய கோபம் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாவிதான் வந்துவிட்டதே என்றேன்.

"நகல் எடுக்காமயா இருப்பான்?"

இரும்புக் கடையில் கதவுக்கு ஒரு புதுப் பூட்டு கேட்டாள். கடைக்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"திருடன் எவனாவது வந்தானா, அட்ராக்டா?"

"இல்ல. தம்பி."

அவர் கையிலிருந்த பூட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அதைவிடக் கனமான ஒன்றை எடுத்து வந்தார்.